வீடு தேடி வந்த கலாசாலை

2011 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் செயற்கை நுண்ணறிவு பற்றிய தம் பாடத்தைக் கட்டணமின்றி இணையத்தில் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். எந்தக் கலாசாலையின் சுவர்கள் இத்தனை பேரைத் தாங்கும்?

மறு ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்த ஒன்றை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. லாகூரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி யுடாசிட்டி என்னும் நிறுவனத்தின் பௌதிகப் பாடத்தில் இறுதித் தேர்வு எழுதிக் கொண்டிருந்தாள். அவ்வேளையில் பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடை செய்தது. வினாக்கள் அதன் வழியே வருபவை. தேர்வு பாதியில் நின்றது. சிறுமி தன் சக மாணவர்களிடம் முறையிட்டாள். மலேசியாவிலிருந்து ஒருவர் வினாக்களை எழுத்திலே விவரித்து அனுப்பினார். அதே பாடத்தைப் பயின்று வந்த போர்ச்சுகல் நாட்டுப் பேராசிரியை ஒருவர், காட்சிகளைத் தடையில்லாத வேறோர் இடத்தில் ஏற்றிக் கொடுத்தார். சிறுமி தேறினாள். அவளுடைய முகத்தைக்கூட அறியாதவர்கள் அவர்கள்!

ஆயினும் கணக்கின் மறுபக்கம் மனத்தை உறுத்துகிறது. 2012 இல் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் சேர்ந்தோர் ஏறக்குறைய 1,55,000 பேர். தேறியோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. எட்டிப் பார்க்க வந்தவர்களைக் கழித்துவிடலாம். கற்க வேண்டுமென்றே வந்து இடையில் வீழ்ந்தவர்களை எப்படிக் கழிப்பது? இலவசம் என்ற சொல்லும் நாளடைவில் தேய்ந்தது. எட்எக்ஸ் நிறுவனம் 2015 இன் இறுதியில் கட்டணமில்லாச் சான்றிதழை நிறுத்திற்று. 2021 இல் 80 கோடி டாலருக்கு அதன் விற்பனையும் பேசி முடிக்கப்பட்டது.

மதரஸாவில் பாடம் கேட்பதோடு கடமை தீர்வதில்லை. உஸ்தாதின் முன் ஒப்பித்தாக வேண்டும். ஒரு சொல் பிறழ்ந்தால் அவர் நெற்றி சுருங்கும்; மாணவன் திருத்திக் கொள்வான். ஒரு லட்சம் பேருக்கு நெற்றி சுருக்க எவரால் இயலும்? அந்த வேலையை இயந்திரத்திடம் விட்டிருக்கிறார்கள்.

நம் இளைய சகோதரரின் மகள் பட்டப் படிப்பை முடிக்குமுன் மணமுடித்துச் சென்றவள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடமொன்றில் சேர்ந்து, குழந்தைகள் இருவரும் உறங்கிய பின் பயில்கிறாள். "தவறு என்று சொல்கிறது பெரியவாப்பா, ஏன் தவறு என்று சொல்ல மாட்டேன் என்கிறது" என்று ஒருநாள் தொலைபேசியில் குறைப்பட்டாள். அருகில் யாரேனும் இருந்து விளக்கினால் அரை நிமிட வேலை. அவளோ இரண்டு இரவுகளைச் செலவிட்டுத் தானே கண்டுபிடித்தாள். வாரப் பயிற்சிகளுக்கு நூற்றுக்கு 25 மதிப்பெண்தான். மீதம் 75 நேரில் எழுதும் தேர்வுக்குரியவை. பாடம் வீட்டிற்கு வந்துவிட்டது, தேர்வுக்கு அவள்தான் ஊர்விட்டு ஊர் போக வேண்டும். "பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்ற கேள்வியில் இத்தகைய எத்தனை படிப்புகள் நின்று போயின என்பதை எந்தப் பல்கலைக் கழகமும் எண்ணியிராது.

கட்டணத்தைக் கட்டிவிட்டாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை மாலையே பிள்ளைகளை நம்மிடம் விட்டுவிடுமாறு சொல்லியிருக்கிறோம்.