ஒரு வீட்டுக்கு இரண்டு தரகு

முள்ளிக்குளத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது 2007 செப்டெம்பரில். விரைவில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு புறப்பட்டவர்களுள் எனக்கு வேண்டிய கடற்றொழிலாளி ஒருவரும் இருந்தார். மன்னார் நகரில் அவருக்கு வாடகை வீடு தேட நானும் உடன்சென்றேன். பத்திரிகைக்காரன் துணையிருந்தும் ஏமாந்தோம். அதை எழுத இத்தனை காலம் பிடித்தது.

வீட்டைக் காட்டிய தரகர் ஒரு மாத வாடகையைத் தரகுக் காசாகக் கேட்டார். 4,000 ரூபா. மனைவியின் தோட்டை அடகுவைத்த காசிலிருந்து அண்ணை எண்ணிக்கொடுத்தார். மறுநாள் வேறொருவர் வாசலில் நின்றார். "இந்த வீடு இருக்கெண்டு அவருக்குச் சொன்னதே நான். என்ர பங்கு எங்க?" வீடு கைவிட்டுப்போகுமோ என்ற அச்சத்தில் அவருக்கும் 2,000. முதலாமவர் வீட்டுக்காரரிடமும் ஒரு மாத வாடகை வாங்கியிருந்தார் என்பது பிறகே தெரியவந்தது.

இருபக்கமும் வாங்குவது நம்மூர் வழக்கம்தானே என்பார்கள். இருவருக்கும் முன்னதாகத் தெரிந்திருந்தால் அதில் குறையில்லை. மறைத்து வாங்குபவர் வாடகையைக் குறைக்க யாருக்காகப் பேசுவார்? இரண்டாமவரோ எங்களோடு ஒரு வார்த்தையும் பேசி முடித்தவரல்லர். தன் பங்கை அவர் முதலாமவரிடமல்லவா கேட்டிருக்கவேண்டும்? இந்தக் கேள்வி அன்று எனக்கு எழவில்லை.

ஜெர்மனியில் 2015 ஜூன் முதல், வாடகை வீட்டுக்குத் தரகரை அமர்த்தியவரே கூலி கொடுக்கவேண்டும். இங்கிலாந்திலும் 2019 ஜூனிலிருந்து குடியிருப்பவரிடம் முகவர் அத்தகைய கட்டணம் அறவிடமுடியாது. அங்குள்ள நம்மவர் சிலர் இதை அறியாமல் இன்னமும் கொடுப்பதாகக் கேள்வி.

இலங்கையில் காணி வாங்குவோருக்குச் சுமை பெரிது. முத்திரைத்தீர்வையே முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். நொத்தாரிசின் கட்டணம் வேறு. தோம்பு பார்க்கும் செலவைத் தரகரும் கேட்பார், நொத்தாரிசும் கேட்பார். பற்றுச்சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கே அந்தக் காசு.

இரண்டு வருடங்களின் பின் அண்ணை வீடு மாறியபோது அரைத்தாள் ஒன்றில் எழுதினோம்: தரகு எவ்வளவு, வீட்டுக்காரரிடம் எவ்வளவு வாங்குகிறார், திறப்பு கைக்கு வந்த பின்பே காசு, வேறு தரகர் வந்தால் அவர் பங்கு இவர் பொறுப்பு. தரகர் முணுமுணுத்தார், ஆனாலும் கையொப்பமிட்டார். அம்முறை எவரும் வாசலுக்கு வரவில்லை.

2017 மார்ச்சில் முள்ளிக்குளம் மக்கள் நிலம் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்தார்கள். ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அந்த நாட்களில் ஒருமுறை, கொட்டிலுக்குள் என்னருகே இருந்த அண்ணை கடற்படை முகாமின் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, எங்கட வீடுகளில இருக்கிறவங்களுக்கு எந்தத் தரகர் எடுத்துக் குடுத்தவர்?"