ரெண்டாவது ஜாய்ஸ்டிக்

வெலிங்டன் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. நடுவில் ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி வந்து புகுந்துவிட்டது.

மே மாதம் வந்தால் குன்னூரில் எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களுக்கு வீட்டுச் சிறைதான். இ-பாஸ் வந்த பிறகும் ரோட்டில் வண்டிகள் குறைந்தபாடில்லை. மாசக் கடைசியில் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி வேறு. பெட்போர்டு வரை போய்ப் பால் வாங்கி வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் பேத்தியை எங்கே கூட்டிப் போவது? ஆறாம் வகுப்பு முடித்தவள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்து, மூக்குக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். கூப்பிட்டால் "ம்" என்பாள். என்ன பார்க்கிறாள், யாரோடு பேசுகிறாள், ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் அவளாகவே எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஒரு எக்ஸ்பாக்ஸ் வாங்கித் தர்றீங்களா? புதுசு வேண்டாம். பழசை ரெடி பண்ணி விக்கிறாங்க. 8,500 ரூபாதான். எண்பது கேம் உள்ளேயே போட்டுத் தர்றாங்க."

போனில் படம் காட்டினாள். கோயம்புத்தூரில் ஒரு கடை. எண்பது விளையாட்டுகள் 8,500 ரூபாய் என்றால் ஒன்று நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. சமையலறையில் இருந்தவளுக்குப் பிடிக்கவில்லை.

"கெய்சர் போய் மூணு வாரமாச்சு. சுடுதண்ணிக்கு அடுப்புல குண்டான் வெச்சு எறக்கிட்டு இருக்கேன். இவருக்கு விளையாட்டுப் பெட்டி!"

அதுவும் நியாயம்தான். பென்ஷனில் மருந்துக்கும் மளிகைக்கும் போக மிஞ்சுவதில் ஒரு மாதத்துக்கு ஒரு பெரிய செலவுதான் தாங்கும்.

பழைய பொருளை வாங்குவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. டெலிபோன் இலாகாவில் என் வேலையே ஏறக்குறைய அதுதான். ஒருவர் இணைப்பைச் சரண்டர் செய்தால் அந்தக் கறுப்பு டயல் போன் எங்கள் மேஜைக்கு வரும். ஸ்பிரிட் போட்டுக் காண்டாக்ட்டைத் துடைத்து, டயல் ஸ்பிரிங் பார்த்து, வயரை மாற்றி, மேலே பாலிஷ் போட்டு, ஏழெட்டு வருஷம் காத்திருந்த அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைப்போம். அவர்கள் அதற்குப் பூ வைத்துக் குங்குமம் இடுவார்கள். இன்னொரு வீட்டில் பத்து வருஷம் உழைத்த போன் என்று யாரும் சொல்லமாட்டோம். அதற்கு அன்று 'ரீகண்டிஷன்' என்று பெயர். இன்றைக்கு 'ரீஃபர்பிஷ்டு' என்கிறார்கள். வேலை ஒன்றுதான். ஒழுங்காகச் செய்தவன் கையில் இருந்து வந்தால் புதியதை விட நம்பலாம், ஏனென்றால் போக வேண்டியது எல்லாம் ஏற்கெனவே போய், மாற்றியாகியிருக்கும். வெறுமனே துடைத்து வைத்துவிட்டு ரீஃபர்பிஷ்டு என்று சொல்பவனிடம்தான் ஆபத்து.

ஆகவே இரண்டு ராத்திரி உட்கார்ந்து இந்தப் பெட்டியைப் பற்றிப் படித்தேன். அவள் கேட்டது எக்ஸ்பாக்ஸ் 360. மைக்ரோசாஃப்ட் 2005-இல் வெளியிட்டது. அடுத்த வருஷம் இந்தியாவுக்கு வந்தது. தொடக்க காலப் பெட்டிகளில் ஒரு பெரிய வியாதி. திடீரென்று முகப்பில் மூன்று சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான், பெட்டி காலி. சிப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதன் இணைப்புகள் விரிசல் விட்டுவிடும். எக்ஸ்சேஞ்சில் டிரை சால்டர் என்று எத்தனை ராத்திரி டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு தேடியிருக்கிறேன்! அதே சங்கதிதான். 2007-இல் அந்தக் கம்பெனி வாரண்டியை மூன்று வருஷமாக்கி, நூறு கோடி டாலருக்கு மேல் அதற்கென ஒதுக்க வேண்டிவந்தது. 2010-க்குப் பின் வந்த மெலிந்த மாடல்கள் பரவாயில்லை என்கிறார்கள்.

ஆனால் வேறு இரண்டு சங்கதிகள் உறுத்தின. அந்தப் பெட்டிக்கான இணையக் கடையை 2024 ஜூலை 29-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். இனி அதிலேயே புது விளையாட்டு எதையும் விலைக்கு வாங்க முடியாது. அப்படியானால் எண்பது விளையாட்டுகள் எப்படி உள்ளே வந்தன? பூட்டை உடைத்து ஏற்றிய களவுச் சரக்கு. ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் போனால் எண்பதும் போகும். யாரிடமும் கேட்க முடியாது.

களவுச் சரக்கு என்று எழுதிவிட்டேன், ஆனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1996-இல் இலாகா டிரெயினிங்குக்காக மெட்ராஸ் போனபோது, பர்மா பஜாரில் 1,100 ரூபாய் கொடுத்து நானும் ஒன்று வாங்கிவந்தேன். அப்போது அதற்கு 'டிவி கேம்' என்று பெயர். பையன் எட்டாவது, பெண் ஐந்தாவது. கூடவே ஒரு மஞ்சள் கேசட், மேலே '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது இருபதோ முப்பதோ. அதையே பெயர் மாற்றி, நிறம் மாற்றித் திருப்பித் திருப்பிக் காட்டும். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-இல் விட்ட ஃபாமிகாம் என்ற பெட்டியின் நகல் அது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். எங்கள் தெருவில் முதல் டிவி கேம். அந்த வருஷம் நவம்பர் மழையில், வாரக்கணக்கில் மூடுபனி இறங்கிக் கிடந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் முன்னறையில்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்காத அப்பன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் வரைக்கும்.

பேத்திக்கு வாங்குவதானால் அவள் அம்மாவைக் கேட்காமல் வாங்கக்கூடாது. மகளுக்குப் போன் போட்டேன். விலை, மாடல், சிவப்பு விளக்கு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"வாங்குங்கப்பா. போனைப் பாத்துட்டுக் கெடக்கறதுக்கு, ஹால்ல உக்காந்து எல்லார் கண்ணு முன்னாடி விளையாடட்டும். ஆனா ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒழுங்கா இருக்கான்னு பாத்து வாங்குங்க."

"அதென்ன, ரெண்டாவது எதுக்கு? அவ ஒருத்திதானே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம வீட்டு டிவி கேம்ல ரெண்டாவது ஜாய்ஸ்டிக் யார் கையில இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? அதுல ஸ்டார்ட் பட்டனே கெடையாதுப்பா."

உண்மைதான். தேடிப் பார்த்தேன். ஃபாமிகாம் பெட்டியிலேயே அப்படித்தான். ஸ்டார்ட், செலக்ட் இரண்டு பட்டனும் முதல் ஜாய்ஸ்டிக்கில் மட்டும். அசல் ஜப்பான் பெட்டியில் இரண்டாவதில் அந்த இடத்துக்கு ஒரு சின்ன மைக் வைத்திருந்தார்களாம். எங்களுக்கு வந்த நகலில் மைக்கும் இல்லை, பட்டனும் இல்லை. எந்த விளையாட்டு என்று தேர்ந்தெடுப்பது, ஆரம்பிப்பது, நடுவில் நிறுத்துவது எல்லாம் முதல் ஆள்தான். மரியோ விளையாட்டில் இன்னும் மோசம். முதல் ஆள் அண்ணன் மரியோ. இரண்டாவது ஆள் தம்பி லூயிஜி. மரியோ ஒரு தடவை செத்தால்தான் லூயிஜிக்கு முறை வரும். "அண்ணன் லேசுல சாகமாட்டான்பா. அரை மணி நேரம் கையில புடிச்சுட்டு உக்காந்திருப்பேன். என் முறை வர்றப்ப அம்மா கூப்பிடுவாங்க, சப்பாத்தி உருட்டணும்னு."

ஜப்பான்காரன் செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லி வைத்திருப்பேன். அதற்குள் அடுத்ததைச் சொன்னாள்.

"அது கூடப் பரவால்ல. அண்ணன் ஜாய்ஸ்டிக் அழுந்தலைன்னு சொன்னப்ப, நீங்க என்னோடதைப் பிரிச்சு அந்த ரப்பரை எடுத்து அவனுக்குப் போட்டீங்க. அவனோட தேஞ்ச ரப்பரை எனக்குப் போட்டீங்க. அதுக்கப்புறம் லூயிஜி குதிக்கவே மாட்டான். நான் விளையாடத் தெரியாதவன்னு எல்லாரும் சிரிப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு வயது முப்பத்தொன்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்வது போலத்தான் சொன்னாள். போனை வைத்த பிறகு எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பட்டனுக்குக் கீழே ஒரு ரப்பர் இருக்கும். அதன் அடியில் கறுப்பாகக் கார்பன் வட்டு. அது போர்டில் பட்டால் இணைப்பு. நாளாவட்டத்தில் தேயும். சாப்பாட்டு மேஜையில் பழைய தினசரியை விரித்து, ஆறு திருகாணியைக் கழற்றி, நானே மாற்றினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. எக்ஸ்சேஞ்சில் கூட அப்படித்தான் செய்வோம். அதிகம் பேசாத லைனில் இருந்து நல்ல ரிலேயைக் கழற்றி, அதிகம் பேசும் லைனில் போடுவோம். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. அந்த லைனின் மறுமுனையில் ஒருவர் ரிசீவரை வைத்துக்கொண்டு 'ஹலோ ஹலோ' என்று கத்திக்கொண்டிருப்பார் என்று நினைத்ததில்லை.

கனடாவில் இருக்கும் மகனிடம் கேட்டேன். ரப்பர் மாற்றியதே அவனுக்குத் தெரியாது.

மறுநாள் முதலில் கெய்சரைக் கழற்றினேன். காயில் போயிருந்தது. நம் மலைத் தண்ணீருக்கு உப்பு அதிகம் படியாது, ஆனாலும் பன்னிரண்டு வருஷக் காயில். கடையில் 750 ரூபாய். மாட்டி, வெந்நீர் வந்ததும் வீட்டு எதிர்க்கட்சி பாதி அடங்கியது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் பர்லியாறு, மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் இறங்கினேன்.

கடைக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எக்ஸ்பாக்ஸை எடுத்துக் காட்டினான். வேண்டாம் என்றேன். பிளேஸ்டேஷன் 4 இருந்தால் காட்டச் சொன்னேன். 2014 தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தபோது 39,990 ரூபாய் விற்றது. இப்போது, 2016-க்குப் பின் வந்த மெல்லிய மாடல், 500 ஜிபி, 14,000 சொன்னான். பூட்டு உடைக்காதது. டிஸ்க் போட்டு விளையாட வேண்டும். பழைய டிஸ்க் ஐந்நூறு அறுநூறுக்குக் கிடைக்கும், அலுத்தால் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

"போட்டுக் காட்டு தம்பி. ஒரு மணி நேரம் ஓடட்டும். நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றேன்.

"ஒரு மணி நேரமா சார்?"

சூடாகாமல் எதுவும் தன் வியாதியைக் காட்டாது. அரை மணிக்குப் பிறகு ஃபேன் சத்தம் ஏறுகிறதா என்று காது வைத்துக் கேட்டேன். டிஸ்க்கை நாலு தடவை உள்ளே விட்டு வெளியே எடுத்தேன். சிப்புக்கு மேல் பேஸ்ட் மாற்றினாயா என்று கேட்டேன். மாற்றும்போது எடுத்த போட்டோவைக் காட்டினான். அங்கேதான் பையன் மேல் நம்பிக்கை வந்தது. நெட்டில் இணைத்து, அந்தப் பெட்டியைக் கம்பெனி தடை செய்யவில்லை என்பதையும் அவனே காட்டினான். எங்கள் ஊர் ஈரத்தைச் சொன்னேன். "மழைக்காலத்துல பொட்டிக்குள்ள பூட்டி வைக்காதீங்க சார், வாரத்துல ரெண்டு தடவையாவது ஆன் பண்ணி விடுங்க" என்றான். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்துப் பறிகொடுத்த மலைக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம்தான்.

பிறகு ரெண்டாவது ஜாய்ஸ்டிக் கேட்டேன். புது டூப்ளிகேட் ஒன்றை எடுத்து வைத்தான். 900 ரூபாய்.

"ஒரிஜினல் இல்லையா?"

"ஒரிஜினல் பழசு 2,200 ஆகும் சார். ரெண்டாவதுதானே, எப்பவாச்சும்தான் எடுப்பாங்க. டூப்ளிகேட்டே போதும்."

நான் எதுவும் விளக்கவில்லை. இரண்டும் ஒரிஜினல் வேண்டும், ஒரே மாதிரி வேண்டும் என்றேன். இரண்டையும் திரையில் வைத்து, விரலை எடுத்த பிறகு குச்சி தானாக நகர்கிறதா, ஒவ்வொரு பட்டனும் லேசாகத் தொட்டாலே எடுக்கிறதா என்று ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் குச்சி இடது பக்கம் இழுத்தது. வேறு எடுக்கச் சொன்னேன். இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து விளையாடும் டிஸ்க்தான் வேண்டும் என்றதும் அவனுக்கே திகைப்பு. இப்போது வருவதில் பாதிக்கு மேல் ஒற்றை ஆளுக்கோ, நெட்டில் முகம் தெரியாதவனோடோ விளையாடுவதாம். தேடி ஒரு கால்பந்தும், திரையை இரண்டாகப் பிரித்துக் கார் ஓட்டும் 'க்ராஷ் டீம் ரேசிங்' ஒன்றும் எடுத்துக் கொடுத்தான். எல்லாம் சேர்த்து 17,400. நினைத்ததற்கு இரண்டு மடங்கு. இந்த வருஷம் மாற்ற நினைத்த மூக்குக் கண்ணாடி அடுத்த வருஷம்.

பஸ்ஸில் அட்டைப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

சனிக்கிழமை மகள் வந்தாள். பேத்தி எல்லாவற்றையும் மாட்டி வைத்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிய மகள், கைகூடக் கழுவாமல் சோபாவில் உட்கார்ந்து இரண்டில் ஒன்றை எடுத்தாள். விளையாடவில்லை. கட்டைவிரலால் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தினசரியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ரசம் ஆறிப்போய் இரண்டு தடவை சூடு பண்ணியாகிவிட்டது. சமையலறையிலிருந்து குரல் ஏறிக்கொண்டே இருந்தது. "ஏண்டி, சாப்பிட வர்றியா இல்லையா? சின்னப் புள்ளையா நீ?"

"இரும்மா, இந்த ஒரு ரேஸ்" என்றாள் மகள்.

பேத்தி என்னிடம் வந்து புகார் செய்தாள். "தாத்தா, அம்மா என்னை கேமை மாத்தவே விடமாட்டேங்குறாங்க. அவங்களே ஸ்டார்ட் பண்றாங்க, அவங்களே நிறுத்துறாங்க."

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கெய்சரில் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்கப் போனேன்.