நாய்க்கூடு

சின்னவன் லயத்து நாயொன்றுக்குக் கல்லெறிந்ததை ஜன்னலால் கண்டேன். ஏழு வயது. ஏன் எறிந்தாய் என்று கேட்டதற்கு, "அது ஹராம்தானே வாப்பா" என்றான். இதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நாயைக் கண்டால் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிறவன் நான்தானே.

அதே கிழமைதான் மகள் நாய் வேண்டுமென்று கேட்டாள். டிக்கோயாவில், தேயிலை மலை முடிகிற இடத்தில் எங்கள் வீடு. கீழே கொஞ்சம் லீக்ஸும் கரட்டும். காட்டுப் பன்றி கிளறிய பாத்திகளை சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் வயிறு எரியும். ஆகவே காரணம் இருந்தது. வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிர்க் காவலுக்கும் வைக்கும் நாய்க்கு ஹதீஸில் விதிவிலக்கு உண்டு. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதிலொரு தடவை மண் கொண்டு, கழுவுவதை மனனமாக்கியிருந்த எங்களுக்கு இந்த விதிவிலக்கு மட்டும் மறந்துபோயிருந்தது. தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தோற் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததை மேடைகளில் மட்டும் சொல்கிறோம்.

உம்மா சம்மதிக்கவில்லை. "வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க மகன்."

வெளியில்தான் வைப்போம் என்றேன். ஆனால் வெளியில் என்பது இங்கே லேசான பேச்சில்லை. இந்த மலைகளில் சிறுத்தை லயங்கள் வரை வரும். கட்டிப்போட்ட நாய் அதற்குச் சுலபமான இரை. உள்ளே எடுக்க உம்மா விடமாட்டார். வெளியே கட்டச் சிறுத்தை விடாது. எனவே நாய் தேடுமுன் கூட்டை அடித்தேன். தடித்த பலகை, கம்பி வலை, தகரக் கூரை, மழைத் தண்ணீர் ஏறாதபடி நிலத்திலிருந்து ஓரடி உயரம், இரவில் பூட்டு.

மகளுக்குத் துரை பங்களா நாய் மாதிரி வேண்டும். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் மரை வேட்டைக்கென்று சீமை நாய்கள் வைத்திருந்தார். அந்த ஆசை மலையை விட்டு இன்னும் இறங்கவில்லை. நான் லயத்துக்குப் போனேன். குட்டி எந்தக் குணத்தில் வளருமென்று தெரியாது; வளர்ந்ததைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே ஓர் அக்கா, இரண்டு வயதுப் பெட்டை நாயொன்றைக் காட்டினார். அது சாப்பிடும்போது தட்டை இழுத்தார், உறுமவில்லை. வாளியொன்று விழுந்தது, துள்ளி ஓடி, திரும்பி வந்து முகர்ந்தது.

"புள்ளைங்க காதப் புடிச்சு இழுத்தா எந்திரிச்சுப் போயிரும், கடிக்காது சேர்."

எழும்பிப் போகிற நாய்தான் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கிடக்கும் நாய்க்கு என்றாவது பொறுமை முடிந்துவிடும்.

மிருக வைத்தியரிடம் விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்தோம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். எனக்குப் பெரிய பயம் வேறு. நஜீஸ் பட்டதென்று ஏசுவோமென நினைத்துப் பிள்ளை ஒரு கீறலை மறைத்துவிட்டால்? எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே சொல்லுங்கள், ஏசமாட்டேன், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று பல தடவை சொன்னேன். உம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

உம்மா இப்போது சேலையை ஒதுக்கிப் பிடித்தபடி சிரட்டையில் சோறு வைக்கிறார்.

சின்னவன்தான் பாவம். அவன் கல்லெறிந்தது இதே நாய்க்குத்தான் என்பது கொண்டுவந்த பிறகே தெரிந்தது. அவன் குனிந்தால் போதும், கூட்டுக்குப் பின்னால் ஓடிவிடும். சப்பாத்து லேஸைக்கூட அவன் இப்போது குனிந்து கட்டுவதில்லை. படியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்துத்தான் கட்டுகிறான்.