நிறுத்தச் சொன்ன மாத்திரை

மாமியாருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தவள் என்ற பட்டம் போன மார்கழியில் எனக்கு முழுதாக ஒரு நாள் இருந்தது. எங்கள் மாடி வீட்டு அம்மாள் அதை வாய்விட்டுச் சொல்லிவிடவில்லை. "நீதானேம்மா வேளாவேளைக்கு மருந்தெல்லாம் எடுத்துக் கொடுப்பது?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குள் எத்தனை கதைகள் அடங்கியிருந்தன என்பது, மாமியாரோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் சகோதரிகளுக்குச் சொல்லாமலே விளங்கும்.

நடந்தது இதுதான்.

என் அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. தெருமுனை டாக்டர் எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரை ஒன்றைக் காலையில் சாப்பிட்டுவிட்டு, தம் பாட்டில் அரிசி களைவதும் அண்டை வீட்டுச் சமாசாரம் கேட்பதுமாக இருந்தார். கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அனுப்பும்போது ஏழு மருந்துகள் அடங்கிய ஒரு சீட்டு. அதில் புதிதாக ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்த மருந்துக் கடையில் எல்லாவற்றையும் வாங்கிக் கொண்டோம்.

"பழைய சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்று ஓர் இளம் டாக்டர் சொன்னாராம். யாரிடம் சொன்னார்? என் கணவர் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தார். நான் வாசலில் வண்டி பிடித்துக் கொண்டிருந்தேன். ஆகவே அத்தையிடம்தான் சொல்லியிருக்கிறார். அத்தையின் காதில் அப்போது விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குப் போகலாம் என்பது!

அப்புறம் என்ன? வெள்ளை மாத்திரை தீர்ந்ததும் தெருமுனைக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி வந்தேன். இளஞ்சிவப்பு தீர்ந்ததும் ஆஸ்பத்திரிக் கடையில் புதுச் சீட்டைக் காட்டி வாங்கி வந்தேன். பொறுப்புள்ள மருமகள் அல்லவா? இரண்டையும் தவறாமல் கொடுத்தேன்.

வைகுண்ட ஏகாதசி வந்தது. "ஒரு நாள் பட்டினி கிடந்தால் பெருமாள் கோபித்துக் கொள்ளமாட்டார்" என்று அத்தை பலகாரத்தோடு நிறுத்திக் கொண்டார். அதையும் பாதிதான் தொட்டார். விடியற்காலை நாலு மணி இருக்கும். ஏதோ முனகல் கேட்டு எழுந்து போனேன். வெளியே மார்கழிப் பனி; உள்ளே அத்தையின் புடவை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. நாக்குக் குழறியது. என்றோ இறந்துபோன தம் தங்கையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம். 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே சோதித்தபோது, சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் ரத்தத்தில் சர்க்கரை 42-தான் இருந்தது.

பணியிலிருந்த டாக்டர், நான் பையில் அள்ளிக் கொண்டுபோன மாத்திரைப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையையும் இளஞ்சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். இரண்டிலும் ஒரே சொல்: கிளிமிபிரைடு.

"வெள்ளையில் இது மட்டும் இருக்கிறது. சிவப்பில் இதோடு இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. கம்பெனிகள் வைத்த பெயர் வேறு, மருந்து ஒன்றுதான். பட்டினியும் சேர்ந்துகொண்டது. இதன் வேகம் லேசில் அடங்காது. சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அந்த ஒரு நாள்தான் நான் பட்டம் சுமந்த நாள். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததுதான் சுட்டது.

மறுநாள் மாலை அத்தை தெளிந்து உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "ஏம்மா அழறே? உன்கிட்ட ரெண்டு சீட்டு வந்தது, ரெண்டையும் நம்பினே. நிறுத்துன்னு எந்தச் சீட்டாவது வந்ததா?" என்றார்.

அத்தை எதையும் யோசித்துச் சொல்பவர் அல்ல. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஊர் திரும்பிய வாரமே தெருமுனைக் கடைக்குப் போனேன். இருபது வருஷமாக நடக்கும் கடை. எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சண்டை போடத்தான் போனேன் என்பதை ஒப்புக் கொண்டுவிடுகிறேன். அவர் பதறிப்போனார். பிறகு கணினியைக் காட்டினார்.

"அம்மா, இந்தப் பெட்டிக்கு எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும். எது எந்த மாதம் காலாவதி ஆகும் என்று தெரியும். வரிக் கணக்கு தெரியும். யார் வயிற்றில் எது இருக்கிறது என்று மட்டும் தெரியாது. டாக்டர் 'கொடு' என்றால் எனக்குச் சீட்டு வருகிறது. 'நிறுத்து' என்றால் யார் எனக்குச் சொல்கிறார்கள்?"

அத்தையும் அண்ணாச்சியும் ஒருவரோடொருவர் பேசிக் கொள்ளவில்லை. இரண்டு பேரும் சொன்னது ஒன்றாகவே இருந்தது. இந்த இடத்தில்தான் எனக்குள்ளிருந்த மருமகள் ஓய்ந்து, பத்திரிகைக்காரி விழித்துக் கொண்டாள். நம் வீட்டில்தான் இப்படியா, உலகம் முழுவதும் இப்படித்தானா என்று தேடத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியாயிற்று. அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைத் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அது கணக்கிட்டது. நாடே திடுக்கிட்டது. அப்போது அங்கே ஏ.எச்.ஆர்.க்யூ. என்று ஒரு சர்க்கார் ஸ்தாபனம் இருந்தது. புது மருந்து கண்டுபிடிப்பது அதன் வேலையல்ல. இருக்கிற மருந்தும் வைத்தியமும் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றனவா என்று ஆராய்வதே அதன் வேலை. மருத்துவத் தகவல்களைக் கணினி வழியாகப் பரிமாறிக் கொள்வது பற்றிய ஆராய்ச்சிக்கும் முயற்சிக்கும் 2004-இல் அது 13 கோடியே 90 லட்சம் டாலர் ஒதுக்கியது. பிறகு 2009-இல் ஒரு சட்டம் வந்தது. கணினிப் பதிவுக்கு மாறும் டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சர்க்காரே ஊக்கத்தொகை கொடுத்தது. மருந்துக் கடைகளை மட்டும் அந்தப் பந்தியில் உட்கார வைக்கவில்லை!

இதன் பலன் என்ன தெரியுமா? டாக்டர் தட்டினால் கடைக்குச் சீட்டு பறந்து போயிற்று. ஆனால் டாக்டர் ஒரு மருந்தைத் தம் கணினியில் நிறுத்தினால், அது அந்தக் கணினியோடு நின்றது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைத் துருவிப் பார்த்தது. டாக்டர்கள் நிறுத்தியதாகக் குறித்த 83,000-க்கும் மேற்பட்ட மருந்துகளில், 1,200-க்கும் மேற்பட்டவை அதற்குப் பிறகும் கடைகளில் வழங்கப்பட்டிருந்தன. நூற்றுக்கு ஒன்றரைதானே என்று தோன்றலாம். அந்த ஒன்றரையில் ஒன்று நம் வீட்டு அத்தையாக இருந்தால் நூற்றுக்கு நூறு அல்லவா?

'நிறுத்து' என்ற செய்தியையும் கடைக்கு அனுப்புவதற்கு அங்கே ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. கேன்சல் ஆர்எக்ஸ் என்று பெயர். இருந்தும் வெகு காலம் அதை அதிகம் பேர் பயன்படுத்தவில்லை. அதை நடைமுறைக்குக் கொண்டு வந்து, அதற்கு முன்னும் பின்னும் என்ன ஆயிற்று என்று விஸ்கான்ஸின் மாகாண ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வெளியாயிற்று. முன்பு, டாக்டர் நிறுத்தியவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் கடையின் கணக்கிலும் நின்றிருந்தது. பின்பு, பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் நின்றது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒரே ஒரு சொல் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

"இதற்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு? எல்லாருக்கும் ஒரு கணினி வாங்கிக் கொடுத்தால் போகிறது!" என்றார் என் கணவர். அடுப்பு வாங்கினால் சாதம் வெந்துவிடுமா? ஒரு கணினியின் பாஷை இன்னொரு கணினிக்குப் புரிய வேண்டும். ஒரே பெயருள்ள இரண்டு பாட்டிமாரின் கணக்குக் கலந்துவிடக் கூடாது. கடைக்காரருக்கு எது தெரியலாம், நோயாளியின் அந்தரங்கம் எதுவரை என்று வரம்பு கட்ட வேண்டும். இவற்றை எல்லாம்விட ஒரு சங்கடம்: கணினி எதற்கெடுத்தாலும் 'ஜாக்கிரதை' என்று எச்சரித்தால், கடைக்காரர் படிக்காமலே தள்ளிவிடப் பழகிவிடுகிறார். அடுத்த தெரு நாய் ராத்திரி முழுவதும் குரைத்தால், திருடன் வந்த அன்றும் நாம் புரண்டுதானே படுக்கிறோம்? எதற்குக் குரைக்க வேண்டும், எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்பதைக் கடையில் உட்கார்ந்து பொறுமையாகக் கவனித்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஆள் வேண்டும், வருஷங்கள் வேண்டும், பணம் வேண்டும். இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் போடக் கம்பெனிகள் ஓடிவருவதில்லை. விற்பதற்கு இதில் மாத்திரை ஒன்றுமில்லையே!

பணம் போட்ட சர்க்காரும் கையை இழுத்துக் கொள்ளலாம். அந்த ஏ.எச்.ஆர்.க்யூ.வை வேறொரு பிரிவோடு இணைத்துவிடப் போவதாக 2025-இல் அமெரிக்க சர்க்கார் அறிவித்தது. டென்மார்க் போன்ற நாடுகளோ வேறு வழியில் போயின. அங்கே ஒருவருக்கு ஒரே மருந்துப் பட்டியல். அதை டாக்டரும் பார்க்கலாம், ஆஸ்பத்திரியும் பார்க்கலாம், மருந்துக் கடைக்காரரும் பார்க்கலாம், நோயாளியும் பார்க்கலாம்.

நம் நாட்டில் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை நாடு முழுவதற்கும் தொடங்கினார்கள். அதன்படி ஆளுக்குப் பதினான்கு இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. நம் சம்மதத்தோடு நம் மருத்துவப் பதிவுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்ப அது உதவும். நல்ல காரியம். அத்தைக்கும் அந்த எண் இருக்கிறது. ஆனால் அவருடைய வெள்ளை மாத்திரை அண்ணாச்சி கடைக்கு வந்தபோது, அந்த எண்ணை யாரும் கேட்கவில்லை. மருந்தாளுநர்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் விதிகளிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆலோசனை சொல்ல வேண்டியவருக்குப் பாதி விஷயம் தெரியாவிட்டால் அவர் என்ன சொல்வார்? நம் தெருக் கடையில், நம் கூட்டத்தில், கையெழுத்துப் புரியாத சீட்டுகளோடு, ஒரே மருந்து பல பெயர்களில் விற்கும் நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்பதை டென்மார்க்காரர் நமக்காகக் கண்டுபிடித்துத் தரமாட்டார். நாம்தான் செலவழித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதுவரை? எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். இடப் பக்கம் 'சாப்பிடுவது'. அதில் கம்பெனிப் பெயரோடு, பட்டையின் பின்னாலிருக்கும் மருந்தின் சொந்தப் பெயரும் இருக்கும். வலப் பக்கம் சிவப்பு மையில் 'நிறுத்தியது', தேதியுடன். எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும் அதை முதலில் நீட்டுகிறோம். அண்ணாச்சி அதைப் பார்க்காமல் இப்போது ஒரு தலைவலி மாத்திரைகூடக் கொடுப்பதில்லை. "நீ சொல்ற அமெரிக்காக்காரன் கோடி கோடியாக் கொட்டினதை, நான் முப்பது ரூபாய் நோட்டிலே முடிச்சுட்டேன்" என்று அத்தைக்குப் பெருமை.

எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. எழுதுவதற்கு ஓர் ஆள் இருக்கும் வீட்டில்தான் நோட்டு வேலை செய்யும்.

போன வாரம் மாடி வீட்டு அம்மாள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தாள். தனியாக இருப்பவள். பிள்ளை வெளியூரில். மூன்று டாக்டர்களின் மாத்திரைகள் பையில் குலுங்கின. "எனக்கும் அந்த மாதிரி நோட்டு ஒன்று போட்டுக் கொடேன். இந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரியவில்லை" என்றாள்.

நானும் அத்தையும் பூதக்கண்ணாடி வைத்துக் கொண்டு ஒரு மணி நேரம் படித்தோம். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு பட்டைகள், இரண்டு பெயர்கள், பின்னால் ஒரே மருந்து.

"நாளைக்கே டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடலாம், நானே கூட வருகிறேன்" என்றேன். அந்த அம்மாள் இரண்டு பட்டைகளையும் வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"நல்ல வேளை, எனக்கு மருமகள் இல்லை" என்றாள் மெதுவாக. "இருந்திருந்தால் பாவம், பழி அவள் தலையில் விழுந்திருக்கும்!"

அத்தை என் பக்கம் திரும்பவில்லை. சிவப்புப் பேனாவை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார்.