தீங்கற்ற கறுப்பு

தலைச்சாயத்தைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவது அற்ப விஷயமாகத் தோன்றக்கூடும். ஆனால் நரை நம் இலக்கியத்தில் ஒருபோதும் அற்பமாக இருந்ததில்லை. புறநானூற்றின் 191ஆம் பாடலில், வயது முதிர்ந்தும் தமக்கு நரை தோன்றாத காரணத்தைப் பிசிராந்தையார் சொல்கிறார். கம்பனின் தசரதனோ காதின் அடியில் வெளுத்த ஒற்றை மயிரைக் கண்டு, ஆட்சியை மகனிடம் ஒப்படைக்க முடிவு செய்கிறான். இவர்கள் இருவருக்கும் வாய்த்ததுபோல் நரையைப் பெருமையாகவோ துறவாகவோ எடுத்துக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டியதும் வருகிறது மூலக்குளம். இங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிற நாங்கள் ஆறு பேரும் ஐம்பதைக் கடந்தவர்கள். எங்களில் நால்வர் பல வருடங்களாக டை அடித்துவந்தவர்கள். இதை வெறும் அலங்கார ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்று புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கும், ஐம்பத்தைந்து வயதில் மறுபடியும் வேலை தேடிப் போகிறவருக்கும், பெண் பார்க்க வருகிறவர்கள் முன் அமர வேண்டிய தகப்பனாருக்கும் கறுப்பு முடி ஏறக்குறைய ஒரு சீருடை. ஆகவே ‘டை அடிக்காதீர்கள்’ என்ற உபதேசம் பலருக்கும் பயன்படாது. எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் நண்பர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததுதான் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. அவர் வாங்கிவந்தது பச்சை இலைகள் அச்சிட்ட, ‘மூலிகை’ என்று பெரிய எழுத்தில் போட்ட மருதாணிப் பொடி. அதே பொடியை அதற்கு முன் ஏழெட்டு முறை பயன்படுத்தியிருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை. இந்த முறை மறுநாள் மாலை காதுமடல்கள் அரித்தன. அதற்கடுத்த நாள் காலையில் இமைகள் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. கழுத்தில் நீர் கசிந்தது. தோல் மருத்துவர் முதலில் கேட்டது மருந்துச் சீட்டையல்ல, பொடியின் உறையை. பின்பக்கத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டே படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது அந்தப் பெயர்: பாரா-ஃபினைலின்டைஅமின். மருத்துவர்கள் சுருக்கமாகப் பிபிடி என்கிறார்கள்.

இந்தப் பொருளின் வரலாறு நிலக்கரித் தாரிலிருந்து தொடங்குகிறது. 1856இல் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர் லண்டனில் தற்செயலாகச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டடைந்தார். அவருடைய ஆசிரியர் ஆகஸ்ட் ஹாஃப்மன், பிபிடி ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது பழுப்பு நிறம் தருவதை 1863இல் பதிவு செய்தார். 1907இல் பாரிஸில் யூஜீன் ஷூலெர் என்ற வேதியியலாளர் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றை உருவாக்கி, முடிதிருத்துவோரிடம் தாமே எடுத்துச்சென்று விற்கத் தொடங்கினார். 1909இல் அவர் நிறுவிய கம்பெனிதான் பின்னாளில் லோரியல் ஆயிற்று. அதன் முதல் பெயரைத் தமிழில் சொல்வதானால் ‘தீங்கற்ற தலைச்சாயங்களுக்கான பிரெஞ்சு நிறுவனம்’. பிரெஞ்சு தெரிந்த முதியவர்கள் இன்னமும் இருக்கிற எங்கள் ஊரில் ‘இனொஃபான்சீவ்’ என்ற அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஈயமும் வெள்ளி உப்புகளும் கலந்த பழைய சாயங்களோடு ஒப்பிட்டே அந்தப் பெயர் வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தீங்கற்றது என்கிற வாக்குறுதி இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது என்பதைக் கவனிக்கலாம். இன்றைய ‘மூலிகை’, ‘இயற்கை’ எல்லாம் அதன் வாரிசுகள்.

பிபிடி ஏன் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்றால், அது வேலை செய்யும் விதம் அப்படி. அதன் மூலக்கூறு மிகச் சிறியது, நிறமற்றது. முடியின் உள்ளே எளிதாக நுழைகிறது. அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஆக்ஸிஜனேற்ற, மற்ற மூலக்கூறுகளோடு இணைந்து பெரிய நிறத்துகளாக வளர்ந்து வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறது. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போகாத கறுப்பு அப்படித்தான் கிடைக்கிறது. அதே சிறுமைதான் தோலுக்குள்ளும் அதை நுழையவிடுகிறது. நம் நோயெதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையென்று ஒருமுறை குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை. குறித்துக்கொள்ளும் நாளில் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அடுத்த முறையோ, பத்தாண்டு கழித்தோ அது வெடிக்கும். ‘இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே’ என்பது ஆறுதலாகாது. எதிர்வினையும் உடனே வராது. சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாட்கள் வரை ஆகலாம். உச்சந்தலையைவிட மெல்லிய தோலுள்ள இமை, காது, கழுத்து ஆகியவையே அதிகம் பாதிக்கப்படும். சிலருக்குப் பட்ட இடத்தில் தோல் வெளுத்துப்போவதும் உண்டு. வெண்படலத்தைக் கண்டால் விலகி நிற்கும் சமூகத்தில் அது தனித் துயரம். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகப் பிபிடியைத்தான் அறிவித்தது.

இதையெல்லாம் அரசு அறியாமல் இல்லை. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகள், பிபிடி கலந்த சாயங்களின் உள்ளுறையிலும் வெளியுறையிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றன; 2020இன் அழகுசாதன விதிகளிலும் அது தொடர்கிறது. காதின் பின்புறமோ முன்கையின் உட்பக்கமோ சிறிது சாயத்தைத் தடவி, 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்; ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்னும் இதைச் செய்ய வேண்டும்; இமைக்கும் புருவத்துக்கும் தடவக் கூடாது, பார்வை போகலாம். சாரம் இவ்வளவுதான். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1930களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள். 1938இல் அங்கே அழகுசாதனங்களும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. ஆயினும் நிலக்கரித் தார்த் தலைச்சாயங்களுக்கு மட்டும், எச்சரிக்கை அச்சிட்டால் போதும் என்று விலக்கு அளிக்கப்பட்டது. பொருளைத் திருத்துவதற்குப் பதிலாக வாசகத்தைச் சேர்த்தார்கள். படிக்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் விழுந்தது. எனவே அந்த வாக்கியத்தைப் படித்தே ஆக வேண்டும்.

படிக்கும்போது எதைத் தேடுவது? ‘அமோனியா இல்லாதது’ என்ற அறிவிப்பு இங்கே உதவாது. அமோனியா முடியின் மேலடுக்கைத் திறப்பதற்கு. அது போனால் நெடியும் எரிச்சலும் குறையும், பிபிடி உள்ளேதான் இருக்கும். பிபிடி இல்லை என்று விற்கப்படுகிறவற்றில் பல டொலுவீன்-2,5-டைஅமின் என்ற அதன் உறவினரைக் கொண்டவை. பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் திறன் குறைந்த புதிய மூலக்கூறுகள் வந்திருக்கின்றன. அவை புதிதாக ஒவ்வாமை உண்டாகும் வாய்ப்பைக் குறைக்கலாம். ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு அவை பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

மருதாணியைப் பொறுத்தவரை ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: தனி மருதாணி ஒருபோதும் கறுக்காது. அதன் நிறப்பொருளான லாசோன் செம்மஞ்சள்தான் தரும். அரை மணியில் கரேலென்று கறுக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் வேறு ஏதோ இருக்கிறது, பெரும்பாலும் அது பிபிடிதான். திருவிழாக்களில் குழந்தைகளின் கையில் வரையும் கறுப்புச் சித்திரத்துக்கும் இது பொருந்தும். இளவயதில் அப்படித் தோல் குறித்துக்கொண்டது, பெரியவர்களாகி முதன்முதலாக டை அடிக்கும் நாளில் வெளிப்படும்.

கறுப்பே வேண்டுமென்றால் மருதாணிக்குப் பின் அவுரி என்ற இரண்டு கட்ட வழி இருக்கிறது. முதலில் மருதாணியைச் சில மணி நேரம் வைத்து அலசி, பிறகு வெதுவெதுப்பான நீரில் அவ்வப்போது கரைத்த அவுரிப் பொடியைப் பூச வேண்டும். நிறம் ஓரிரு நாளில்தான் ஆழப்படும். அவுரி எங்கள் ஊருக்கு அந்நியமல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியில் அவுரி தோய்த்த நீலத்துணி ‘கினே’ என்ற பெயரில் கப்பலேறி, செனகல் ஆற்றங்கரையில் வேலம் பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. ஆனால் பச்சிலை என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. மருதாணிக்கும் அவுரிக்கும் அரிதாக ஒவ்வாமை வருவதுண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மருதாணி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

ஒருமுறை வீங்கியவர் வீட்டில் மறுபடியும் சோதித்துப் பார்க்கக் கூடாது. தோல் மருத்துவரிடம் முதுகில் ஒட்டுச் சோதனை செய்துகொள்வதே முறை. வாஸலினில் ஒரு சதவீதப் பிபிடியைக் கலந்து ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள். முடிவைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன், சில சல்ஃபா மருந்துகள், சில துணிச்சாயங்கள் ஆகியவற்றையும் அதே தோல் பகையாகக் கருதக்கூடும்.

எங்கள் நண்பர் இப்போது மருதாணியோடு நிறுத்திக்கொண்டார். தலை சற்றே செம்பட்டை. இருவர் நரையோடு இருக்கிறார்கள். மற்றவர் டை அடிக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் தடவி, ஒன்றுக்கு இரண்டு நாளாகக் காத்திருக்கிறார். நால்வரின் முடிவும் அவரவருக்குச் சரி.

பேச்சில் விடுபட்டுப்போகிற ஒருவர் உண்டு. நாம் மாதம் ஒருமுறை தொடும் சாயத்தைச் சலூன்காரர் தினமும் பலமுறை வெறுங்கையால் தொடுகிறார். விரலிடுக்கில் வெடிப்பும் நகத்தோரம் கறுப்புமாக இருக்கும் அந்தக் கைகளை நாம் பார்த்திருக்கிறோம். பலருக்கு அந்தத் தோல் நோய் தொழிலையே விடவைக்கும். சாயத்தோடு ஒரு ஜோடி கையுறையும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது பெரிய செலவில்லை.