பிடில் உபதேசியாரின் ஒலிநாடா

சென்ற ஆண்டுத் தவக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, விழுப்புரத்திலிருந்து நமக்கு ஒரு சிறு பொட்டலம் வந்து சேர்ந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டப்பட்டிருந்த அதனுள் ஒரு கேசட் இருந்தது. "தவக்காலப் பாட்டு, திண்டிவனம், 1984" என்று அதன்மேல் மை மங்கிய எழுத்துகள். அந்தக் கையெழுத்தைக் கண்டதும் எழுதியவர் யாரென்று நமக்கு விளங்கிவிட்டது. திண்டிவனத்தில் நம் பங்கில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்து, ஊராரால் "பிடில் உபதேசியார்" என்றே அழைக்கப்பட்ட பெரியவரின் எழுத்து அது. அவர் இறைவனடி சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பொட்டலத்தை அனுப்பியவர் விழுப்புரத்தில் வாழும் அவருடைய மகள். "அண்ணா, அப்பா வாசித்த வியாகுல மாதா பாட்டு இதில் இருக்கிறது. இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்து வாசிக்கும்படி எழுதித் தர முடியுமா?" என்று ஒரு துண்டுத்தாளில் கேட்டிருந்தார்.

உபதேசியாரை அறியாத இளையோருக்கு ஒரு வார்த்தை. பிடில் மேனாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வந்த வாத்தியம். முத்துசாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர் போன்றோர் அதைக் கற்று, நம் சங்கீதத்துக்கு உரியதாக்கினர். நம் உபதேசியாரும் மேனாட்டாரைப் போல் நின்று வாசிப்பவரல்லர். பீடத்துக்குப் பக்கவாட்டில் பாய் விரித்து அமர்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு வாசிப்பார். சுரத்தாள் பார்த்து அவர் வாசித்ததே இல்லை. மக்கள் எப்படிப் பாடினார்களோ, அப்படியே வில் போகும்.

இன்றைய பாடற்குழுப் பிள்ளைகளோ ஐந்து கோட்டுச் சுரத்தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். அவர்களுள் ஒரு சிறுமி வயலின் கற்று வருகிறாள். அவள் கையில் இப்பாட்டைச் சேர்ப்பிக்க வேண்டுமானால் அது தாளில் ஏறியாக வேண்டும். நமக்கோ வயதாகிவிட்டது, முன்போல் ஒவ்வோர் அடியையும் இருபது முறை கேட்டு எழுதக் காது ஒத்துழைப்பதில்லை. நம் தமக்கையின் பேரன்தான் வழி சொன்னான். "தாத்தா, வாசிப்பதைக் கேட்டுத் தானே சுரம் எழுதும் மென்பொருள்கள் இருக்கின்றன. இலவசமாகவே கிடைக்கும்" என்றான்.

முதலில் ஒலிநாடாவைக் கணினிக்குள் ஏற்றினோம்; அதற்கு ஆடாசிட்டி என்னும் மென்பொருள். உடனே ஒரு சிக்கல் எழுந்தது. கேசட் நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அன்று பதிவு செய்த கருவியோ இன்று ஓட்டும் கருவியோ சற்றே பிசகினாலும் சுருதி மாறிவிடும். 6 விழுக்காடு வேகம் கூடினால் ஏறத்தாழ அரைச் சுரம் ஏறிவிடும். எது சரியான சுருதி என்று எப்படி அறிவது? நாடாவின் தொடக்கத்தில் ஓர் ஆர்மோனியம் சுருதி கொடுப்பது கேட்டது. அந்த ஆர்மோனியம் இன்றும் நம் கோவில் பாடகர் மாடத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அதே கட்டையை அழுத்திப் பார்த்தோம். நாடா அரைச் சுரம் ஏறியே ஒலித்தது. வேகத்தைக் குறைத்துச் சரிசெய்தோம்.

அடுத்து, லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் என்னும் மென்பொருளிடம் அதைக் கொடுத்தோம். தந்தி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று கணக்கிட்டு, அந்த எண்ணைக் கொண்டு சுரத்தை அறிவது அதன் வேலை. கிடைத்ததை மியூஸ்ஸ்கோர் என்னும் வேறொரு மென்பொருளில் திறந்தால், ஐந்து கோட்டில் சுரங்கள் வரிசையாக நின்றன. வியந்து போனோம். ஆனால் வியப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

தாளைப் பார்த்து ஆர்மோனியத்தில் வாசித்தபோது, அது பாட்டாகவே இல்லை! சில இடங்களில் ஒரு சுரத்தை அதன் மேல் தாயிக்கு ஏற்றி எழுதியிருந்தது. உபதேசியார் ஒரே வில்லில் அசைத்து இழைத்த கமகத்தை ஐந்தாறு துண்டுகளாக வெட்டிப் போட்டிருந்தது. அவர் மூச்சு விட்டு நிதானித்த இடங்களையெல்லாம் பின்னம் பின்னமாகக் கணக்கிட்டிருந்தது. தாளம் என்று ஒன்று இருப்பதையே அது அறியவில்லை. இரண்டாம் சரணத்தின் நடுவே விளங்காத நெட்டைச் சுரம் ஒன்று நின்றது. நாடாவைக் கேட்டால், திண்டிவனம் நிலையத்தில் இரயில் எஞ்சின் ஊதியது அது! பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இச்சிரமம் புதிதன்று. சென்னையில் வாழ்ந்த சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அறிஞர், நம் கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறிப்பில் எழுதி 1893ஆம் ஆண்டு முதல் அச்சிட்டு வெளியிட்டார். அவருக்குக் கணினி கிடையாது. பாட்டை அறிந்தவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு எழுதினார். அவருக்குத் துணை நின்றவர்களுள் ஒருவரான எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர், 1904இல் தாம் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில், சுரத்தை மட்டும் எழுதினால் போதாது என்று கண்டு, கமகங்களுக்கெனத் தனிக் குறிகளை அமைத்தார். அப்பெரியோர் பட்ட பாட்டை எண்ணிக்கொண்டு, நாமும் ஒவ்வொரு வரியாகத் திருத்தலானோம்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது பேரன் நிறுத்தினான். பாட்டு முடிந்தபின், கீழ்க் கோட்டுக்கும் வெகு கீழே பத்துப் பன்னிரண்டு சுரங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. "பிடிலில் இவ்வளவு தாழ்ந்த சுரமே கிடையாதே, தாத்தா! இது என்ன?" என்றான். அந்த இடத்தை ஓட்டினோம். வில் ஓய்ந்தது, ஒரு கணம் அமைதி. பிறகு இளைஞன் ஒருவனின் குரல், சற்றே கர்வத்தோடு: "உபதேசியாரே, புத்தகத்தில் இப்படி இல்லை. இல்லாததை வாசிக்காதீர்கள்."

அது நம் குரல்.

அவ்வாண்டு நமக்கு இருபத்துமூன்று வயது. சுரத்தாள் படிக்கக் கற்றிருந்தோம் என்பதற்காகப் பாடற்குழுப் பொறுப்பு நம்மிடம் வந்திருந்தது. மாதா தம் மகனை அழைக்கும் இடத்தில், அச்சிட்ட புத்தகத்தில் நான்கு நேரான சுரங்களே உண்டு. உபதேசியாரோ மேலிருந்து கீழாக இழைத்து இறக்கினார். அதைத்தான் எல்லார் முன்னிலையிலும் கண்டித்தோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு முதல் பிடில் கோவிலுக்கு வரவில்லை. பின்னர் எலக்ட்ரானிக் கீபோர்டு வந்தது, நாமும் மறந்தோம்.

மறுநாளே பாசஞ்சர் இரயிலில் விழுப்புரம் புறப்பட்டோம். மயிலம், விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வழியெல்லாம் வண்டி நின்று நின்று சென்றது. நம் மனமும் அவ்வாறே. உபதேசியாரின் மகளிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதா அண்ணா? அப்பா அந்த கேசட்டை அடிக்கடி போட்டுக் கேட்பார். உங்கள் குரல் வந்து முடியும்வரை நிறுத்த விடமாட்டார். 'பையனுக்குச் சுரம் நன்றாகத் தெரியும். ஜனங்கள் பாடுவதை இன்னும் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்பான்' என்பார்" என்றார்.

பிறகு நாம் வேண்டிக்கொண்டதன் பேரில் அவர் அப்பாட்டைப் பாடினார். குரல் நடுங்கியது, மூச்சு இடையிடையே தடைப்பட்டது. ஆயினும் மாதா மகனை அழைக்கும் அந்த இடம் வந்ததும், குரல் மேலிருந்து விம்மி இழைந்து இறங்கியது. பெரிய வெள்ளியன்று நம் தாய்மாரும் பாட்டிமாரும் பாடிய விதம் அதுவே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உபதேசியார் வாசித்தது பிழையன்று. புத்தகம் எழுதத் தவறியதைத்தான் அவர் வாசித்திருந்தார்.

திண்டிவனம் திரும்பி, அந்த நான்கு சுரங்களின்மேல் சிறு சுரங்களை ஏற்றி, வளைகோட்டால் இணைத்து, "இழைத்து இறக்குக" என்று எழுதினோம். எஞ்சின் ஊதிய சுரத்தை நீக்கினோம். தாளம் பிரித்தோம். நம் குரல் விட்டுச்சென்ற சுரங்களையும் தாளிலிருந்து அழித்தோம். நாடாவில் அது அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். தாளின் தலைப்பில் உபதேசியாரின் பெயரை எழுதினோம்.

சென்ற பெரிய வெள்ளியன்று அச்சிறுமி அத்தாளைப் பார்த்து வாசித்தாள். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த உபதேசியாரின் மகள், முன் வரிசையில் அமர்ந்து உடன் பாடினார்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய நாடாக்கள் கிடக்கலாம். பூசணம் பிடிக்குமுன் அவற்றைக் கணினியில் ஏற்றி வையுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று மறவாமல் குறித்து வையுங்கள். சுரம் எழுத மென்பொருள் துணை நிற்கும். பெருமளவு வேலையை அதுவே செய்துவிடும். ஆனால் எழுதி முடித்த தாளை, அப்பாட்டைப் பாடி வளர்ந்த ஒருவரிடம் கொண்டுபோய், அவர் பாடக் கேளுங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். நாம் நாற்பது ஆண்டுகள் தாமதித்தோம்.