பத்தரை – பன்னிரண்டு

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். அந்த அம்மா தன் மகளை வாசற்படி தாண்ட வைத்தபோது மணி 10.26.

நான் எதிர்ச்சாரியில், மெக்கானிக் கடை வாசலில் படுக்கப்போட்ட டயரின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. புது கேபிள் வாங்கப் போன பையன் வருகிறவரை எனக்கு வேறு வேலையில்லை. எதிரே இரண்டாம் மாடியில் விசா விண்ணப்ப மையம். கீழே ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு டீக்கடை, நடைபாதை முழுக்க கையில் பைலோடு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பெற்றோர். ஆடி மாதம். அக்டோபரில் வகுப்பு தொடங்கும் ஊர்களுக்கெல்லாம் விசா வாங்க இதுதான் சமயம். நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம் என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பது வெள்ளைக்காரனுக்குத் தெரியவா போகிறது?

"பத்தே முக்கால்னுதானம்மா போட்டுக்குது. டைம் ஆனா நானே கூப்புடுறேன், ஓரமா நில்லு" என்றார் செக்யூரிட்டி.

"மேல போக வேண்டாமுங் தம்பி. அந்தப் படியத் தாண்டி நின்னாப் போதும்."

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெருக்கோடி அம்மன் கோவில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குழாய் ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிக்கொண்டிருந்தார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா? பொண்ணு மட்டும் வா. அப்பா அம்மா நாட் அலவுட்."

"வலதுகால், கண்ணு. வலதுகால்."

பெண் வலதுகாலை வைத்தாள். தலையில் கனகாம்பரம், தோளில் சான்றிதழ் பைல், முகத்தில் 'போதும்மா' என்கிற சிரிப்பு. பத்தே முக்கால் வரை படிக்கட்டின் கீழேயே, உள்பக்கமாக நின்றாள். பிறகு மேலே போனாள்.

அப்பா டீக்கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் வாயைத் திறந்ததும் தெரு முழுக்கக் கேட்டது. கோபமில்லை. விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பாதி தெரு தாண்டி உட்கார்ந்திருந்த நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"நமக்குக் குமாரபாளையமுங்க. பவானிக்கு நேர் எதுத்தாப்ல, ஆத்துக்கு அக்கரை. தறி ஓட்டறமுங்க."

"பொண்ணு எங்க போவுது?"

"ஜெர்மனிங்க. மேக்டபர்க்குன்னு ஊரு."

பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் அந்த ஊரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்துவைத்து உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு என்று குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை. அதைச் செய்துகாட்டிய ஓட்டோ ஃபான் கெரிக்கே அந்த ஊர் மேயர். இன்று அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். இதை அந்த அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஃபீஸ் இன்னா ஆவுது?"

"ஃபீஸே இல்லீங்க. கவருமெண்டு யுனிவர்சிடில பெரும்பாலும் கெடையாது. ஒரு மாநிலத்துல மட்டும் நம்ம மாதிரி வெளிநாட்டுப் புள்ளைகளுக்கு அரை வருசத்துக்கு 1,500 யூரோ வாங்கறாங்க. எம்பொண்ணு அந்தத் திக்குக்கே போடல."

"அப்ப சல்லிசுன்னு சொல்லு."

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. "சல்லிசுங்களா? பிளாக்கு அக்கவுண்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க..."

"பிளாக்கா? ஜெர்மன்காரனே பிளாக்லதான் வாங்குறானா?"

"அந்தப் பிளாக்கு இல்லீங்க. தாப்பாப் போட்ட கணக்கு. 11,904 யூரோ மொத்தமாக் கட்டிப் பூட்டிரோணும். புள்ள அங்க போய் எறங்குன பொறவு மாசத்துக்கு 992 யூரோ தொறந்து உடுவாங்க. நம்ம பணந்தான். சோத்துக்கு வழியிருக்குதுன்னு அவங்களுக்குக் காட்டோணுமில்லீங்க? நாம கட்டுன சீட்ட நாமளே மாசாமாசம் எடுத்துக்கற மாதிரி."

"தள்ளு?"

"தள்ளு கெடையாது. கணக்கு வெச்சதுக்குக் கொஞ்சம் புடிச்சுக்குவாங்க."

டீ ஆற்றுகிறவர் மனதுக்குள் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தார்போல. தலையை ஆட்டினார். கணக்கு சரிதான்.

பிறகு நூல் விலை வந்தது. முப்பது வருஷமாகக் காலையில் எழுந்ததும் நாற்பதாம் நம்பர் நூல் என்ன விலை என்று கேட்ட மனிதர், இந்த ஒரு வருஷமாக யூரோ என்ன விலை என்று பார்க்கிறாராம். போன ஆடியில் 91 ரூபாய் சில்லறை. இந்த ஆடியில் நூறைத் தாண்டிவிட்டது. "ஒரு ரூவா ஏறுனா நமக்குப் பன்னண்டாயிரமுங்க. பத்து ரூவா ஏறிருச்சு. ஒரு லட்சத்துப் பத்தொம்பதாயிரம், நின்ன எடத்துல போச்சு. நூலு ஏறுனா வேட்டி வெலைய ஏத்தலாம். யூரோ ஏறுனா எத ஏத்தறது?"

ஏபிஎஸ் என்றார். எஸ்ஓபி என்றார். எல்ஓஆர் என்றார். தறிக்காரர் வாயில் இந்த எழுத்துகள் தார், பாவு, ஊடை மாதிரியே சகஜமாக வந்தன. ஏபிஎஸ் என்பது நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் நிஜமா என்று பார்க்கும் சான்று. 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். "நெசமான மார்க்குதான்னு சொல்றதுக்குப் பதினெட்டாயிரமுங்க. அவ படிக்கறப்ப நாந்தான பக்கத்துல முழிச்சிட்டு உக்காந்திருந்தேன், என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேன்."

"லோனா?"

"லோனுதானுங்க. ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து கேக்க மாட்டாங்க. அதுக்கு மேல போனாக் கேப்பாங்க."

"ஏழரையா!" டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "பேங்க்காரனுக்கும் சனி ஏழரையிலதான் ஸ்டார்ட்டா?"

அப்பாவும் சிரித்தார். ஆனால் உடனே திரும்பி ஜெராக்ஸ் கடைப் படியைப் பார்த்தார். அங்கே மனைவி ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை என்று தெரிந்ததும் அந்த மனிதர் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். ஆகவே பிறகு சொன்னது எனக்குக் கேட்கவில்லை. 'பத்திரம்' என்ற சொல் மட்டும் கேட்டது. வீட்டுப் பத்திரமா, பத்திரமாக இருக்க வேண்டும் என்றாரா, தெரியாது.

11.05க்குப் பெண் வேகமாக இறங்கி வெளியே வந்தாள்.

அம்மா எழுந்துவிட்டார். "என்ன கண்ணு, முடிஞ்சிருச்சா?"

"போட்டோ சரியில்லியாம்மா. மொகம் சின்னதா இருக்குதாம்."

ஊரில் எடுத்த போட்டோ. கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு அனுப்புகிற மாதிரி, தோளும் கையும் தெரிய எடுத்திருப்பார்கள். ஜெராக்ஸ் கடைப் பையன் பரபரப்பே இல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "ஜெர்மனிதானே? 35க்கு 45. அமெரிக்கான்னா ரெண்டுக்கு ரெண்டு இன்ச். உக்காருங்கக்கா. சிரிக்காதீங்க." சிரிக்காமல் இருக்க வேண்டும் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு தரம் வீணானது. மூன்றாவது தரம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. பையன் கிளிக் செய்தான்.

படம் வெட்டிக் கையில் வந்தபோது மணி 11.20. அப்பாதான் முதலில் விளங்கிக்கொண்டார், ஏனென்றால் அவர்தான் மனைவியைப் பார்த்தார். ராகு காலத்தின் நட்ட நடுவில் அந்தப் படியை மறுபடி தாண்ட வேண்டும்.

"சீக்கிரம் போம்மா, டோக்கன் கூப்டுவாங்க" என்றார் செக்யூரிட்டி.

யாரும் அசையவில்லை. கோவில் ஒலிபெருக்கியும் பாட்டு மாற்ற ஒரு நொடி நின்றது. பெண் அம்மாவைப் பார்த்தாள், கெஞ்சலா எரிச்சலா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உம்பட பைலு எங்க?" என்று கேட்டார் அம்மா.

"கவுண்டர்லயே இருக்குதும்மா. போட்டோவ மட்டும் கொண்டுவரச் சொன்னாங்க."

"பாஸ்போர்ட்டு?"

"அதுவும் அங்கதான்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "அப்ப நீ இன்னும் வெளியவே வரல சாமி. உள்ளதான இருக்கற? போ, போ."

செக்யூரிட்டி கதவைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா, என்ட்ரில கூட நான் அவுட் போடல" என்றார். பெண் இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள். எந்தக் கால் முதலில் வைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இடது.

கேபிள் வந்துவிட்டது. பையன் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு வேலையை ஆரம்பித்திருந்தான். தெருக்கோடியில் கூழ் ஊற்றத் தொடங்கினார்கள். அந்த அம்மா போய் ஒரு தூக்குப்போசியில் வாங்கிவந்து, மூடி, கூடைக்குள் வைத்தார். தான் குடிக்கவில்லை. அப்பா நீட்டிய டீயையும் வேண்டாம் என்றார்.

12.10க்குப் பெண் வந்தாள். கையில் பைல், ஒரு ரசீது. அம்மா முதலில் கூழை ஊற்றிக் கொடுத்தார். அவள் நின்றபடியே குடித்தாள். மேலுதட்டில் ஒட்டியதை அம்மா முந்தானையால் துடைத்தார்.

"எல்லாம் வாங்கிக்கிட்டாங்களா?" என்றார் அப்பா.

"வாங்கிக்கிட்டாங்கப்பா."

"பைலக் கொண்டுவந்துட்ட. பாஸ்போர்ட்டு?" இது அம்மா.

"அது உள்ளயே இருக்கும்மா. விசா குடுத்தா அதுல ஒட்டி அனுப்புவாங்க."

"உள்ளயேவா?"

"ஆமா."

"ரெண்டரை வண்டிக்கு இன்னும் நேரங்கெடக்குது, ஒருவாய் சாப்பிட்டுட்டே போலாமுங்க" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். மகளும் நடந்தாள். அம்மா தூக்குப்போசியை மூடி, கூடையில் வைத்து, எழுந்து, இரண்டாம் மாடிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் பையன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். அந்தச் சத்தத்தில்தான் அவர் திரும்பினார்.